டிவியில் வந்த கூவாங்குளம்

கூவாங்குளத்துக்காரர்களைப் போலச் சொன்ன சொல் கேட்கிற சனத்தை எங்கே தேடினாலும் பார்க்க முடியாது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போன் பேச வெளியே போனால், அவர் திரும்பி வருகிறவரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்து மயங்கி விழுகிற ஊர் அது.

அந்த ஊர்க் கொம்பையாவுக்கு ஒரே மகள், செண்பகவடிவு. பாளையங்கோட்டையில் நல்ல இடம் ஒன்று தகைந்து வந்தது. பையனுக்கு மின்வாரியத்தில் வேலை. கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள், பிடித்துப்போனது. பையனைப் பெற்ற பிரம்மசக்திதான் ஊர்ப் பேரைக் கேட்டதும் இழுத்தடித்தாள். கிராமம் என்றால் இன்னதென்று அந்தம்மாவுக்கு டிவி சொல்லிக் கொடுத்திருந்தது. 'உள்ளது உள்ளபடி' என்று ஞாயிறுதோறும் ஒரு நிகழ்ச்சி. வாரம் ஒரு கிராமத்தைக் காட்டுவார்கள். அதில் வருகிற ஆளெல்லாம் கூழ் குடிப்பான், பீட்சாவைக் கண்டால் பயந்து ஓடுவான்.

"எம்மவன் தீவாளிக்கு வந்தா, அரிக்கேன் வெளிச்சத்துல உக்காந்து கூழா குடிப்பான்?"

"மதினி, எங்க வீட்ல ஏசி இருக்கு."

"டிவியில அப்படிக் காட்டலையே அண்ணாச்சி."

அந்த நேரம் பார்த்து, அதே நிகழ்ச்சிக்காரர்கள் கூவாங்குளத்துக்கே வருவதாகத் தகவல் வந்தது. பிரம்மசக்தி கறாராகச் சொல்லிவிட்டாள்: "அதுல உங்க ஊரைப் பாத்துட்டுத்தான் கல்யாணமா இல்லையான்னு சொல்லுவேன்."

கொம்பையாவுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, ஏசிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் காத்திருந்தார்.

குடுமியும் கடுக்கனுமாக டைரக்டர் தம்பி படப்பிடிப்பு ஆட்களோடு வந்து இறங்கினான். மாடி வீடுகளையும் வாசலுக்கு வாசல் நின்ற பைக்குகளையும் பார்த்தான். "என்னண்ணே இது, கிராமம் மாதிரியே இல்லையே!"

ஊருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேஷன் கடை வாசலில் அவசரமாகக் கூடினார்கள்.

"நாம கிராமம் இல்லையாம்வே," என்றார் பலவேசம், துக்க வீட்டுக் குரலில். ஊரிலேயே பெரிய மூளை அவருக்குத்தான்.

"அப்ப டவுணா?" என்று கேட்டான் டீக்கடை உச்சிமாகாளி.

"டவுணுன்னா சினிமாக் கொட்டகை இருக்கணும்லா?"

"கிராமமும் இல்ல, டவுணும் இல்லன்னா, இத்தன நாளா நாம எங்கதான்வே குடியிருக்கோம்?"

உச்சிமாகாளி தேம்ப ஆரம்பித்தான்.

டைரக்டர்தான் தேற்றினான். "அழாதீங்கண்ணே. ஏசி, ஃபிரிட்ஜ், பைக்கு எதுவும் கேமரா கண்ணுல படக்கூடாது. அவ்வளவுதான். நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்."

கொம்பையாவுக்குக் கவலை வந்துவிட்டது. ஏசி படவில்லை என்றால் மதினி எப்படி நம்புவாள்? ஆனாலும் சொல் சொல்தானே. அத்தனை சாமானையும் போர்த்த ஊரில் துணி ஏது என்று கையைப் பிசைந்தார். பலவேசம் வழி சொன்னார். டீ குடித்துவிட்டு வந்த டைரக்டர் பார்த்தால், ஊரில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. கேமராவின் கண்ணில் மட்டும் கொம்பையாவின் துண்டு.

"எதுவும் படாது தம்பி. மூணு முடிச்சு போட்டிருக்கேன்."

டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுகளை அவிழ்த்தான். "இனி நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். கேமரான்னு ஒண்ணு இங்க இல்லவே இல்ல, நாங்களும் இல்ல. அப்படி நெனச்சுக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க."

அவ்வளவுதான். கொம்பையாவின் மனைவி பூலம்மாள் கறி கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து டைரக்டர் மேல் கொட்டினாள். உச்சிமாகாளி காலியான பாதையில் பைக்கை ஓட்டிவந்து கேமராக்காரன் மேல் மோதி விழுந்தான். எதில் மோதினோம் என்று புரியாமல் வானத்தை அண்ணாந்து பார்த்தான். டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏதோ சத்தம் கேக்குல்லா?" என்றார் கொம்பையா.

"காத்தா இருக்கும்," என்றார் பலவேசம்.

மத்தியானம் படப்பிடிப்பு ஆட்களுக்கென்றே ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார்கள். அவர்களும் கையைக் கழுவிவிட்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்கள். பூலம்மாள் கரண்டியோடு வந்து புருசன் காதைக் கடித்தாள். "இவிய இருக்காவளா, இல்லையா?"

"இல்ல."

"இல்லாதவியளுக்கு எப்படிப் பரிமாற?"

கொம்பையாவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்ய? கறி வீணாகாமல் ஊர்க்காரர்களே உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள்.

சாயங்காலம் பசியில் காதடைத்துப்போன டைரக்டர் கொம்பையாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, நாங்க இருக்கோம்! இருக்கோம்! கடைசியா ஒண்ணே ஒண்ணு. செல்போனை நீங்க இப்பதான் வாழ்க்கையில முதல் தடவையா பாக்குறீங்க. அது போதும் எனக்கு."

கொம்பையா தன் போனை எதிரே வைத்து, முதல் தடவையாகப் பார்க்க உட்கார்ந்தார். கேமரா ஓடியது. போனும் அடித்தது. 'பாளையங்கோட்டை மதினி' என்று எழுத்து மின்னியது.

கொம்பையாவுக்குத் தர்மசங்கடம். எடுக்காவிட்டால் மதினி கோபித்துக்கொள்வாள். ஆனால் முதல் தடவையாகப் பார்க்கிறவனுக்கு எடுக்கத் தெரியுமா? போனைக் கும்பிட்டார். ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். ஒற்றை விரலால் தொட்டுவிட்டு ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்றது போன்.

"ஐயையோ! பெட்டிக்குள்ள ஒரு பொம்பளை மாட்டிக்கிட்டா!"

பலவேசம் சுத்தியலோடு பாய்ந்து வந்தார். ஒரே போடு, போன் தூள். அதோடு நிறுத்தாமல் கேமராவைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்குள்ளயும் காலையில இருந்து நம்ம சனம் அத்தன பேரும் கிடக்கு!" இன்னொரு போடு.

டைரக்டர் உடைந்த கேமராவை வாரிக்கொண்டு வண்டி ஏறினான். மெட்ராஸ் போய், ஒரு கொட்டகைக்குள் நாலு ஓலைக்குடிசை போட்டு, 'கூவாங்குளம்' என்று பலகை நட்டு, சம்பளத்துக்கு ஆள் பிடித்துப் படம் எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கொம்பையா வீட்டு ஏசியில் உட்கார்ந்து டிவி பார்த்தது. குடிசை வந்தது, அரிக்கேன் வந்தது, கூழும் வந்தது. கோவணம் கட்டின ஓர் ஆள் வந்து, "நான்தான் கூவாங்குளம் கொம்பையா. என் மகளுக்குக் கல்யாணம் பண்ணணுமுங்க" என்று சொல்லிவிட்டு, செல்போனைக் கண்டு அலறி ஓடினான்.

"இது யாருவே?" என்றார் கொம்பையா.

"கொம்பையான்னு அவரே சொல்லுதாரே! பொய்யா இருக்குமா? 'உள்ளது உள்ளபடி'ன்னு மேலயே போட்டிருக்கான்," என்றார் பலவேசம்.

பூலம்மாளின் போன் அடித்தது, கொம்பையா எடுத்தார். பிரம்மசக்திதான். "பாத்தேன் அண்ணாச்சி. கோவணம் கட்டின சம்பந்தி எனக்கு வேண்டாம். பேச்சை இதோட விட்டுருவோம்."

"மதினி, அது நான் இல்ல! நான் இங்க உக்காந்து டிவி பாக்கேன். டிவிக்குள்ள இருக்கவன் எப்படி டிவி பாப்பான்?"

அந்தம்மா யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. "அப்ப அது வேற கொம்பையாவா?"

"வேற கொம்பையா, வேற கூவாங்குளம்."

"நல்ல காலம்! அந்த ஊருப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். ஆவணியில கல்யாணத்தை வச்சுக்கிடுவோம்."

வீடே குலவை போட்டது. கொம்பையா மட்டும் முகம் வாடி இருந்தார்.

"என்ன மச்சான்?" என்றார் பலவேசம்.

"அந்த மனுசனை நெனச்சேன். அவரும் மகளைப் பெத்தவரு. பாளையங்கோட்டைச் சம்பந்தம் தட்டிப்போனது அவருக்கு இன்னும் தெரியாது. போன்ல சொல்லுவோம்னா, போனைக் கண்டாலே ஓடுதாரு."

எல்லாருக்கும் மனசு கலங்கியது. நேரில் போய் ஆறுதல் சொல்லுவதென்று முடிவானது. மறுநாள் காலையில் கோவணத்துக்காரருக்கு இரண்டு வேட்டி வாங்கிக்கொண்டு ஊரே பஸ்ஸில் ஏறியது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பூலம்மாள் மட்டும் வீட்டில் இருந்துகொண்டாள்.

"எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

"கூவாங்குளம்."

"இதான் கூவாங்குளம். இறங்குங்க."

இறங்கினார்கள். பலவேசம் பஸ்ஸை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். "உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள கொண்டாந்துட்டானே! என்னா வேகம்வே!"

எதிரே வந்த வெளியூர்ப் பால்காரனிடம் விசாரித்ததில் பச்சை பெயிண்ட் அடித்த வீட்டைக் காட்டினான். கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினார். பூலம்மாள் திறந்தாள்.

"கொம்பையா இருக்காரா தாயி?"

"அவிய இல்லையே. கூவாங்குளத்துக்குல்லா போயிருக்காவ. இப்பதான் பஸ் ஏறினாவ."

"அடடா, ஒரு நிமிசத்துல தவற விட்டுட்டோமே!" என்று வேட்டிகளை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, கொம்பையா அவரைப் பிடிக்கப் பஸ்ஸுக்கு ஓடினார்.