விரல் பொறுக்கும் சூடு

குருவைவிடப் பதினெட்டு வயது மூத்த சீடர் ஒருவர் இருந்தார். பெயர் தணிகாசலம். தர்மபுரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், வாய்க்கு இல்லை.

குருவின் பெயர் உண்ணாமலை அம்மாள். பத்தொன்பது வருடம் பால்வாடியில் குழந்தைகளுக்குச் சோறூட்டிவிட்டு, ஒருநாள் மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்டு உட்கார்ந்துகொண்டவர். கேள்வியோடு யார் வந்தாலும் கையில் ஒரு வேலையைக் கொடுப்பார். பாதிப் பேர் வேலையை முடித்துவிட்டுக் கேள்வியை மறந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தணிகாசலம் மறக்கிற ஆள் இல்லை. ஒரு வருடமாக அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"நான் சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா யாருக்கும் உள்ள இறங்க மாட்டேங்குது. ஏம்மா?"

அம்மாள் முருங்கைக்கீரையை அவர் பக்கம் தள்ளி வைப்பார். அவரும் கீரையை ஆய்ந்துகொண்டே அதே கேள்வியை வேறு சொல்லில் கேட்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய தம்பி வீரபத்திரன் வண்டியிலிருந்து விழுந்தான். கட்டட மேஸ்திரி. விழுந்தபோது ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தாடை உடைந்துவிட்டது. டாக்டர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் இழுத்துக் கட்டி, ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, ஸ்ட்ராவில் எது ஏறுமோ அதுதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்.

வேளைக்கு மூன்று உருண்டை களி தின்ற உடம்பு அது. மூன்று வாரத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை எடை இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்றார் டாக்டர். தாடை உடைந்தபோதுகூட அழாத வீரபத்திரன் அதைக் கேட்டு அழுதான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. தம்பி மனைவியைச் சமையலறையிலிருந்து அனுப்பிவிட்டுத் தணிகாசலமே கரண்டியைப் பிடித்தார். முளைகட்டிய கேழ்வரகு மாவில் நொதி இருக்கிறது, அது மாவுச்சத்தை உடைத்துக் கெட்டிக் கஞ்சியை இளக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். கெட்டிக் கஞ்சி இளகி ஸ்ட்ராவில் ஏறினால், குடிக்கிற டம்ளரிலேயே களியின் சத்து தம்பி வயிற்றுக்குப் போய்ச் சேரும். யோசனையில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

தளதளவென்று கொதிக்கும் கஞ்சியில் ஒரு கரண்டி முளைமாவைப் போட்டார். இளகவில்லை. இன்னும் இரண்டு கரண்டி போட்டார். முன்னைவிட இறுகியது. கிண்டுகிற நேரத்தை வீணாக்காமல், ஹெல்மெட்டைப் பற்றியும், தம்பி வண்டி ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றியும், அவன் பிளஸ் டூவில் படிப்பை விட்டதைப் பற்றியும் பேசினார். குறுக்கே பேச முடியாத இப்படி ஒரு மாணவன் அவருக்குச் சர்வீஸில் வாய்த்ததில்லை.

வீரபத்திரன் உறிஞ்சினான். கன்னம் இரண்டும் உள்ளே போயின, கஞ்சி மேலே வரவில்லை. சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினான்.

"இதுல செங்கல் வச்சுக் கட்டலாம்."

மறுநாள் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சினார். தம்பி ஐந்து டம்ளர் குடித்தான். பகலெல்லாம் கட்டிலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான். பசி மட்டும் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது. அவன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்த தணிகாசலத்துக்குத் தன் தட்டில் இருந்த சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை மாவு டப்பாக்களையும் தம்பியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார்.

"முளைமாவு கெட்டுப்போச்சும்மா. இதுல சத்தே இல்ல."

அம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மாவு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கெட்டியாக ஒரு பானைக் கஞ்சி காய்ச்சச் சொன்னார். அது கொதித்ததும் தணிகாசலம் முளைமாவை அள்ளினார். அம்மாள் கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டு பானையை இறக்கினார்.

"விரலை வைங்க வாத்தியாரே."

வைத்தார். "சுடுதும்மா."

"அப்போ உட்காருங்க."

உட்கார்ந்தார். வாயும் உட்கார வேண்டுமே? தம்பி பக்கம் திரும்பி ஹெல்மெட்டில் தொடங்கினார். அங்கிருந்து வேகத்துக்குப் போய், படிப்பை விட்டதற்கு வந்தபோது அம்மாள் குறுக்கிட்டார்.

"இப்போ வைங்க."

"சுடுது."

மறுபடியும் ஹெல்மெட். வீரபத்திரன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல் பானைக்குள் போனது. இந்தத் தடவை அது அங்கேயே இருந்தது.

அம்மாள் ஒரே ஒரு கரண்டி முளைமாவைப் போட்டுக் கிண்டினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கரண்டியை நட்டால் நின்ற கஞ்சி, இப்போது கரண்டியிலிருந்து எண்ணெய் மாதிரி ஒழுகியது. திரும்ப அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விட்டார். அப்போதும் இறுகவில்லை. ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

ஸ்ட்ராவில் சர்ரென்று ஏறியது. மூன்று டம்ளர் உள்ளே போனபிறகு வீரபத்திரன் சிலேட்டைத் தேடி எடுத்தான். "இன்னொண்ணு" என்று எழுதினான். தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதே மாவுதானேம்மா?"

"அதே மாவுதான்."

"நான் மூணு கரண்டி போட்டேனே."

"பால்வாடிக்கு வந்த டாக்டரம்மா ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. வார்த்தை மறந்துபோச்சு. சூடு அதிகமானா நொதி என்ன ஆகும் வாத்தியாரே?"

"செயலிழக்கும்" என்றார் தணிகாசலம். குரல் இறங்கிப் போயிருந்தது. "ரெண்டு மார்க் கேள்வி."

முப்பத்திரண்டு வருடம் அந்தப் பதிலுக்குச் சிவப்பு மையில் சரி போட்ட கை அது.

வெள்ளிக்கிழமை வீரபத்திரன் முக்கால் கிலோ ஏறியிருந்தான். மூக்குக் குழாய்ப் பேச்சை டாக்டர் எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் தணிகாசலம் மட்டும் மலையடிவாரத்துக்கு வந்தார். அம்மாள் கீரையைத் தள்ளி வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

"அவன் விழுந்துட்டான்னு போன் வந்தப்போ எனக்குக் காலே ஓடலம்மா. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அடுத்த தடவை தாடையோட போகாது, தலை போயிடும். ஹெல்மெட் விஷயத்தை அவனுக்குச் சொல்லியே ஆகணும்." சொல்லும்போதே குரல் ஏறியது, கை காற்றில் அலைந்தது, நெற்றியில் வேர்த்தது. "எப்போ சொன்னா அவனுக்கு உள்ள இறங்கும்? நீங்களே ஒரு நேரம் சொல்லுங்க."

அம்மாள் கீரையைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

"கஞ்சி ஆற அரை மணி நேரம் ஆச்சு வாத்தியாரே" என்றார். "நீங்க ஆற எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"