மரியதாஸ் அண்ணனும் உருகாத சூப்பும்

மணல்துறையில நாலு பேருக்கு ஒரு படகு, ஒரு வீடு. நாலு பேருக்கும் சேத்து மூளையும் ஒண்ணுதான்னு ஊர்ல சொல்லுவாங்க. அது யாருகிட்ட இருக்குன்னுதான் தெரியல.

மூத்தவரு மரியதாஸ் அண்ணன். வலை இழுக்கிற மெஷின் கைப்பிடி தாடையில அடிச்சு, ஆஸ்பத்திரியில பல்லைக் கம்பி போட்டுக் கட்டி அனுப்பிட்டாங்க. வாயும் திறக்க முடியாது, பேசவும் முடியாது. ரெண்டு நாளா பட்டினி. மத்த மூணு பேரான இன்னாசி, கஸ்பார், தொம்மைகிட்ட நர்ஸ் பொறுமையா சொன்னாங்க.

"கெட்டியா எதுவும் குடுக்காதீங்க, சூப்புதான். சந்தையில மிச்சமாகிற காயே போதும், செலவு கம்மி. மொத்தமா வச்சு, ஐஸ்ல உறைய விட்டுக்குங்க. வேணுங்கிறப்ப உருக்கிக் குடுங்க."

மூணு பேரும் சந்தைக்குப் போனாங்க. கேரட்டும் பீன்ஸும் அப்பதான் வந்து இறங்கியிருக்கு.

"இது புதுசுல்லா? நமக்கு மிச்சமானதுதான் வேணும்," அப்படின்னான் தொம்மை.

இன்னாசி யோசிச்சான். சொன்ன விலை குடுத்து ஒரு கூடை வாங்கினான், தரையில கொட்டினான், தெருமுனை வரைக்கும் நடந்து போயிட்டுத் திரும்பி வந்தான்.

"யாரும் எடுக்கல பாத்தியாலே? இப்ப இது மிச்சம்."

பாதியை மாடு தின்னுட்டு. மாடு தின்னது போக இருந்தது சுத்தமான மிச்சம்னு சந்தோஷமாப் பொறுக்கிட்டு வந்தாங்க.

அண்டா நிறைய சூப்பு கொதிச்சுது. வாசனை வந்ததும் அண்ணன் எழுந்து உக்காந்து வாயைக் காட்டினாரு.

"பொறுங்கண்ணே, இன்னும் உறையல," அப்படின்னு கஸ்பார் அவரைப் படுக்க வச்சான்.

துறைமுகத்து ஐஸ் கம்பெனியில கெஞ்சி, மீனுக்கு ஐஸ் போடுற டின்னுல ஊத்தினாங்க. மறுநாள் ஆள் உயரத்துக்கு ரெண்டு சூப்புக் கட்டி. ஒண்ணை மட்டும் தள்ளுவண்டியில ஏத்தி, உச்சி வெயில்ல கிளம்பினாங்க.

"ஏலே, வண்டி லேசாயிட்டே வருது!"

"நமக்கு பலம் கூடிட்டுலே."

"பின்னால நாய்க்கூட்டம் வருதே?"

"காவலுக்கு வருது. சும்மா தள்ளு."

வீட்டுக்கு வந்து பாத்தா வண்டியில ஈரப் பலகையும் ஒரு பீன்ஸும் மிச்சம். அண்ணன் ஆசையாக் கை நீட்டினாரு. பீன்ஸ் கெட்டின்னு ஞாபகம் வந்து, அண்ணன் நல்லதுக்காக அதைத் தொம்மையே தின்னான்.

திரும்பிப் போய்ச் சொன்னதும் ஐஸ் கம்பெனி அண்ணாச்சி தலையில அடிச்சுக்கிட்டாரு. "வெயில்ல கொண்டு போற எதையும் உமி போட்டு, சாக்கைச் சுத்திக் கொண்டு போகணும்லே! இல்லேன்னா உருகித்தான் போகும்."

மூணு பேரும் தனியா நின்னு பேசினாங்க.

"சூப்புக்கு அண்ணன்கிட்ட வர இஷ்டமில்ல."

"அப்ப அண்ணனை சூப்புகிட்ட கொண்டு வருவோம்."

"அண்ணனும் வெயில்லதான வரணும்?"

மூணு பேரும் வண்டியோட ஈரப் பலகையைத் திரும்பிப் பாத்தாங்க. எவ்வளவு பெரிய ஆபத்துலேருந்து தப்பிச்சோம்னு அப்பதான் புரிஞ்சுது.

வீட்டுக்குப் போய் அண்ணனை உமியில உருட்டி, சாக்குல சுத்தி, கயிறு போட்டுக் கட்டினாங்க. உள்ளேருந்து "ம்ம்! ம்ம்!"னு சத்தம். வழியெல்லாம் நல்ல விதமாப் பதில் சொல்லிட்டே தள்ளினாங்க. கம்பெனியில அவுத்து, கை, கால், காது எல்லாம் சரி பாத்தாங்க. எதுவும் குறையல.

அண்ணன் ஐஸ் ரூம் கதவு வழியா மிச்சமிருந்த சூப்புக் கட்டியைப் பாத்தாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"ஐயோ, கண்ணுகிட்ட உருக ஆரம்பிச்சிட்டு! தூக்குங்கலே!"

அண்ணாச்சி சாப்பாட்டுக்குப் போயிருந்தாரு, தடுக்க ஆள் இல்ல. அண்ணனைத் தூக்கி ஐஸ் ரூம்ல சூப்பு பக்கத்துலயே உக்கார வச்சு, கதவைச் சாத்தினாங்க. நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டாங்க.

தொம்மைக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அண்ணனை எப்ப வெளிய எடுக்கணும்?"

இன்னாசி கதவைத் தொட்டுப் பாத்துட்டுச் சொன்னான்: "அவசரப்படாதலே. நல்லாக் கெட்டியாகட்டும்."