மண்ணால் அச்சிட்ட நாடு

இது முன்னொரு காலத்துச் சங்கதி. எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் ஆளாளுக்கு எங்கள் நாடுதான் என்று சண்டைக்கு வருவீர்கள். அந்த நாட்டு ராஜாவுக்கு ஒருநாள் ஒரு கிறுக்குப் பிடித்தது. பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருவதற்குள், தன் நாடு முழுவதும் ஒரே துணியில் சிம்மாசனத்துக்குப் பின்னால் தொங்க வேண்டும் என்றார். படம் வரைந்து ஏமாற்றக் கூடாதாம், நாடே துணியில் இருக்க வேண்டுமாம்.

சபையில் ஆண்டியப்பன் என்ற விகடகவி இருந்தான். துணிக்கு அச்சுப் போடுகிறவர்கள் தெருவில் பிறந்தவன். அவனைக் கண்டாலே மந்திரி விருத்தகிரிக்கு வயிறு எரியும். "அச்சுக்காரர் பெருமையை ஓயாமல் பேசுகிறானே, அவனே செய்யட்டும் பிரபு. ஓர் ஊர் விடுபட்டாலும் அந்தத் தெருவையே நாடு கடத்துங்கள்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். பாவம், அந்தத் தெருவின் நாற்பது வீடுகளிலும் அன்று உலை வைக்கவில்லை.

ஆண்டியப்பன் கலங்கவில்லை. ஊருக்கு ஒரு கூடை மண் கேட்டு ஆளனுப்பினான். செங்காவி, மஞ்சள்காவி, வெள்ளைக் களிமண், கரும்பாறைப் பொடி என்று வந்து குவிந்தன. கொஞ்சம் பூச்சாயமும் சேர்க்கலாமே என்று ஒருவர் சொல்ல, ஆண்டியப்பனின் அத்தை வெள்ளையம்மாள் சீறினாள்.

"பூச்சாயம் வெயில் பட்டா ஓடிப்போயிரும். மண்ணு எங்க போகும்?"

மண்ணை அம்மியில் மையாக அரைத்து, வடிகட்டி, வேலம்பிசின் கலந்தார்கள். பாலில் நனைத்துக் காயவைத்த துணியில் தெருவே சேர்ந்து அச்சுக்கட்டை பதித்தது.

விருந்தன்று துணியை விரித்தால் கொடியும் கிளியுமாக இருந்தது. நாடு எங்கே என்று மந்திரி ஏளனமாகக் கேட்டார்.

"படம் வேண்டாம், நாடே வேண்டும் என்றீர்கள் பிரபு" என்றான் ஆண்டியப்பன். "இந்தச் சிவப்பு வடக்கு மலை. இந்த மஞ்சள் ஆற்றங்கரை. இந்த வெள்ளை ஏரிப் படுகை. எல்லா ஊர் மண்ணும் இதில் இருக்கிறது."

"என் ஊர் கருங்குளம் இல்லை. அங்கிருந்து ஒரு கூடைகூட வராமல் நானே தடுத்தேன்" என்று மந்திரி ஆத்திரத்தில் உளறிவிட்டார்.

"தெரியும் ஐயா. போன வாரம் கருங்குளத்திலிருந்து நேரே எங்கள் பட்டறைக்கு வேவு பார்க்க வந்தீர்கள். வாசலில் கழற்றிவிட்ட செருப்பில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி அரைத்துக்கொண்டோம். அந்தக் கிளிகளின் கண்ணெல்லாம் கருங்குளம்தான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விருந்தாளி ராஜா சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் துணியைத் தொட்டுப் பார்த்து, என் நாட்டில் இப்படி ஒன்று இல்லையே என்றார். நம் ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பனுக்குப் போட்டு, அந்தத் தெரு தலைமுறை தலைமுறைக்கும் அச்சுக்காரருக்கே என்று முரசறையச் சொன்னார்.

முரசு தெருவுக்குள் நுழைந்தபோது வெள்ளையம்மாள் வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் காவி. ஊரே பார்க்கட்டும் என்று கழுவாமலே வந்திருந்தாள், பெருமைக்காரி.