நெல்லிக் கேணியின் மூன்றாவது கதை

காடு பெரிதாகவும் ஊர் சிறிதாகவும் இருந்த காலத்தில் நெல்லியங்குறிச்சி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஒரு கேணி இருந்தது. கேணிக்கு ஒரு பூசாரி இருந்தான். பூசாரிக்கு ஒரு நாக்கு இருந்தது. நடந்ததெல்லாம் அந்த நாக்கால்தான். ஆகையால் அதன் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசாரியின் பெயர் வீரணன். கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் அவனைத் திட்டும்போது ஞாபகம் இருக்கட்டும். விடியுமுன் எழுந்து குளிப்பான். கேணியம்மனுக்கு விளக்கேற்றுவான். வெயிலில் வாடி வருகிற வழிப்போக்கருக்குத் தோண்டியில் தண்ணீர் இறைத்து, கை குவித்தால் கையில் ஊற்றுவான். ஊற்றிக்கொண்டே கேணியின் பெருமையையும் சொல்லுவான்.

கேணிக்கு இரண்டு கதைகள் உண்டு. இரண்டும் அவன் பாட்டன் முப்பாட்டன் காலத்துக்கும் முந்தியவை.

முதல் கதை ஒரு காளையின் கதை. தண்ணீர் தேடி மந்தையோடு அலைந்த ஆதி மனிதர்களிடம் ஒரு காளை இருந்ததாம். அது இந்த இடத்தில் வந்து நின்றதாம். அடித்தாலும் நகரவில்லை, இழுத்தாலும் நகரவில்லை. காலால் மண்ணைக் கீறிக்கொண்டே நின்றது. அங்கே தோண்டினார்கள், ஊற்று பீறிட்டது.

இரண்டாவது கதை ஒரு முனிவரின் கதை. தோண்டிய தண்ணீர் உப்புக் கரித்தது. அந்த வழியே வந்த முனிவர் ஒரு நெல்லிக் கிளையை ஒடித்துக் கேணியில் போட்டார். அன்று இனித்த தண்ணீர் பிறகு கரிக்கவே இல்லை.

நல்ல கதைகள்தானே? எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு நாள் ஆலங்கரையிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். வாய் நிறைய வெற்றிலை. தண்ணீரைக் குடித்தாள், இரண்டு கதைகளையும் கேட்டாள், பிறகு ஒரு கொட்டாவி விட்டாள்.

"எங்க ஊர்க் கிணத்துல எட்டிப் பார்த்தா போன பிறவி முகம் தெரியும்" என்றாள். "இங்க மாடு மண்ணைக் கீறுச்சு, அவ்வளவுதானா?"

வீரணனுக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பான். கேணியைச் சொல்லிவிட்டாளே!

"அவசரப்படாதீங்க தாயே, பெரிய சங்கதிக்கு நான் இன்னும் வரவே இல்லையே" என்றான். அவன் நாக்கு அவனைக் கேட்காமலே மேலே போயிற்று. "போன பௌர்ணமிக்கு அம்மன் என் கனவுல வந்தா. 'வீரணா, இனிமே நான் கேணியோட அடியிலதான் குடியிருக்கப் போறேன். அங்கே கால் வைக்கிறவங்களுக்கு விடிஞ்சா கண்ணு தெரியாது'ன்னு சொல்லிட்டுப் போனா."

வெற்றிலை வாய் திறந்தபடியே நின்றது. அந்த அம்மாள் தரையில் விழுந்து மூன்று முறை கும்பிட்டாள். வீரணனுக்கு மனசு குளிர்ந்தது. ஆலங்கரைக்காரியை மடக்கிவிட்டான், வேறென்ன வேண்டும்?

பொழுது சாய்வதற்குள் சங்கதி ஊருக்குள் வந்துவிட்டது. நாட்டாமை வெள்ளையப்பர் ஓடி வந்தார். "இவ்வளவு பெரிய விஷயத்தை எங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டீங்களே பூசாரி!" என்றார்.

"அட, அந்த அம்மாவைச் சமாளிக்கச் சும்மா சொன்னேன்" என்று சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். வீரணன் சிரிக்கவில்லை. பணிவோடு தலையைக் குனிந்துகொண்டான்.

கேணி என்றால் ஆண்டுக்கு ஒருமுறை தூர் வாரியாக வேண்டும். சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் இளவட்டங்கள் சுவரில் பதித்த கற்களில் கால் வைத்து இறங்குவார்கள். அடியில் சேர்ந்த சேற்றையும் இலையையும் உடைந்த பானைகளையும் அள்ளுவார்கள். பெண்கள் மேலே நின்று கூடையைக் கைமாற்றுவார்கள். பிறகு ஊரே சேறு பூசிக்கொண்டு பானகம் குடிக்கும். அந்தக் கனவுச் சங்கதிக்குப் பிறகு வந்த சித்திரையில் ஒருவரும் இறங்கவில்லை.

ஊரில் காராயி என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா அம்மா இல்லை. அண்ணன் கருத்தான் வீட்டில் இருந்தாள். அந்தச் சித்திரையில் தண்ணீர் இறைக்கும்போது கயிறு அறுந்து அவளுடைய செப்புக்குடம் கேணிக்குள் விழுந்தது. அவள் வீரணனிடம் போய்ப் பாதாளக் கரண்டியைக் கேட்டாள். தெரியும்தானே? கிணற்றில் விழுந்ததைக் கவ்வி எடுக்கிற கொக்கிக் கொத்து. வீரணன் கொடுத்தான். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து துழாவிக் குடத்தை எடுத்தாள். கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியான வேளை, பார்த்தவன் வீரணன் ஒருவன்தான்.

பத்து நாளில் அவளுக்கு அம்மை கண்டது. உயிர் தப்பியது, கண் இரண்டும் போய்விட்டன.

ஊர் என்ன சொல்லும்? விழுந்த குடம் வீட்டில் இருக்கிறது, கண்ணைக் காணோம். "இறங்கிட்டா! குடத்துக்காக அம்மன் மேலே கால் வச்சுட்டா!" என்றார்கள். நாட்டாமை சொன்னார். பெண்கள் சொன்னார்கள். கடைசியில் கருத்தானும் சொன்னான். அவளை ஊர் எல்லையில் ஒரு குடிசை போட்டு வைத்துவிட்டார்கள். கேணிப் பக்கம் வரக்கூடாது. யாராவது இரக்கப்பட்டால் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும். இரக்கப்படாத நாளில் இருக்காது.

"நான் இறங்கலை, பூசாரியாரைக் கேளுங்க" என்று அவள் தொண்டை வற்றக் கத்தினாள். ஊரார் வீரணனைப் பார்த்தார்கள்.

அவள் இறங்கவில்லை என்று சொன்னால், பிறகு கண் ஏன் போயிற்று என்று கேட்பார்கள். அம்மை என்று சொன்னால், அப்போது அம்மன் வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். வீரணன் இதையெல்லாம் நின்ற நிலையில் கணக்குப் போட்டான். "அம்மனுக்குத்தான் வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டான்.

இப்போது திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஏழு ஆண்டுகள் போயின. மூன்றாவது கதையைக் கேட்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் பூவும் மஞ்சளும் எலுமிச்சையும் கேணிக்குள் போட்டார்கள். எல்லாம் அடியில் போய் மக்கின. அந்த ஏழில் கடைசி இரண்டு ஆண்டுகள் மழை இல்லை. அந்த ஊரில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. கேணி ஒன்றுதான். தோண்டியை விட்டால் முதலில் கலங்கல் வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு தோண்டி மட்டும் வந்தது.

ஊற்றுக்கண் சேற்றில் அடைபட்டுக் கிடக்கிறது, வாரினால் தண்ணீர் வரும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாய் விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் ஊரைக் காலி செய்து மேற்கே போவது என்று முடிவாயிற்று.

"காராயியை என்ன பண்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அம்மன் தண்டிச்சவளை வண்டியில ஏத்தினா, போற ஊர்லயும் தண்ணி வத்திப்போகும்" என்றார் நாட்டாமை. கருத்தான் காதில் விழாதவன் மாதிரி வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

வீரணன் எல்லைக் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஊர் போய்விட்டால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்? மூன்று நாளா? நான்கு நாளா? அவள் நாக்கு வறண்டு சாவது கண்முன்னே தெரிந்தது.

அன்றே ஊரைக் கூட்டினான். "அந்தக் கனவு பொய். அம்மன் என் கனவுல வரவே இல்லை. தைரியமா இறங்குங்க" என்றான்.

ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்கப்பா, நாம தவிக்கிறதைப் பொறுக்காம பழியைத் தன் தலையில போட்டுக்கறார். மனுஷன்னா இவரல்லவா!" என்று காலில் விழுந்தார். அவரைப் பார்த்து எல்லாரும் விழுந்தார்கள். உண்மையைச் சொன்னவனுக்கு இப்படி ஒரு தண்டனை எங்கேயாவது கேட்டதுண்டா?

இரண்டாம் நாள் தானே இறங்கிக் காட்டுவது என்று போனான். வேட்டியை வரிந்து கட்டினான். முதல் கல்லில் கால் வைத்தான். இரண்டாவது கல்லில் வைத்தான். மூன்றாவது கல்லில் நின்றுவிட்டான். ஏழு ஆண்டுகளாகத் தினமும் சொல்லிய கதை அல்லவா, அது அவனுக்குள்ளேயே வேர் விட்டிருந்தது. ஒருவேளை அம்மன் கேட்டுக்கொண்டு இருந்திருந்தால்? என் வாயால் வந்ததை அவள் ஏற்றுக்கொண்டிருந்தால்? கீழே இருட்டைப் பார்த்தான். மேலே ஏறி வந்துவிட்டான்.

"பார்த்தீங்களா, பூசாரியையே அம்மன் விடலை" என்றது ஊர். பயம் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

மூன்றாம் நாள் விடிந்தது. வண்டிகளில் மாடு பூட்டினார்கள். வீரணன் எல்லைக் குடிசைக்கு ஓடினான். காராயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பானை காலி.

"காராயி, நான் பாவி. நீ இறங்கலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்று அழுதான்.

"இதை எதுக்கு என்கிட்டச் சொல்றீங்க?" என்றாள் காராயி. "எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவன் அவள் கையைப் பிடித்து வண்டிகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். மாடுகள் நின்றன. வண்டியில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எல்லாரும் இவளைப் பாருங்க!" என்றான். "இவ கேணியில இறங்கலை. பாதாளக் கரண்டியைக் கொடுத்தது நான். இவ மேலே நின்னு குடத்தை எடுத்ததைப் பார்த்தது நான். இவ என் பேரைச் சொல்லிக் கத்தினப்போ எண்ணெய் ஊத்தப் போனதும் நான். என் பொய் நிக்கணும்னு இவளை ஏழு வருஷம் ஊருக்கு வெளியே உட்கார வச்சேன்."

ஒருவரும் காலில் விழவில்லை. கருத்தான் வண்டியிலிருந்து குதித்து வந்தான். வீரணன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான். பிறகு தங்கையின் முன்னால் நின்று, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுதான்.

அந்த அறைதான் ஊருக்குச் சாட்சி. நல்ல பெயர் வாங்க ஒருவன் பழி ஏற்பான். அறை வாங்கித் தரும் இந்தப் பழியை, செய்யாமலே எந்தப் பைத்தியக்காரன் ஏற்பான்? ஊர் நம்பியது.

மனசு நம்பியதே தவிர, கால் நம்பவில்லை. கேணியைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். இளவட்டங்கள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தார்கள்.

"ஒரு கூடை கொடுங்க" என்றாள் காராயி. "எனக்குப் போறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? சின்ன வயசுல கூடை வாங்க எத்தனை தடவை பாதிக் கேணி வரைக்கும் இறங்கியிருக்கேன். கல்லு எல்லாம் காலுக்குத் தெரியும்."

அவள் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். ஒரு கல், இரண்டு கல், மூன்று கல். வீரணன் பின்னாலேயே போனான். பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் கீழே அவள் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அவனால் திரும்பி ஏற முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசிக் கல்லையும் விட்டான். முழங்கால் வரை சேறு. சில்லென்று இருந்தது.

"பூசாரியாரே, எந்தப் பக்கம் மேடா இருக்கு? எங்கேயிருந்து அள்ளுறது?" என்று கேட்டாள் காராயி.

அவன் பதில் சொல்லவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டா நிக்கிறீங்க?"

"ஆமா."

"திறங்க. இங்க பார்க்கிறதுக்கு உங்களை விட்டா வேற ஆள் இல்லை."

வீரணன் கண்ணைத் திறந்தான். அழுகிய பூவும், எலுமிச்சைத் தோலும், உடைந்த பானைகளும் தெரிந்தன. சேறு பூசிய காராயியின் முகம் தெரிந்தது. ஏழு ஆண்டுகளில் அந்த முகத்தை அவன் நேராகப் பார்த்தது அன்றுதான்.

"கிழக்கே மேடா இருக்கும்மா" என்றான்.

முதல் கூடை மேலே வந்ததும் நான்கு பேர் இறங்கினார்கள். மறுநாள் நாற்பது பேர் இறங்கினார்கள். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் ஊற்றுக்கண் திறந்து குபுகுபுவென்று தண்ணீர் ஏறியது. முதல் குடத்தைக் காராயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் வயிறு நிறையக் குடித்தாள். கருத்தான் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டான், போனாள்.

வீரணன் அவளிடம் ஒருநாள் கேட்டான்: "என்னை மன்னிச்சிட்டியா தாயே?"

"அதை மட்டும் கேட்காதீங்க" என்றாள் காராயி. "நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க, அது போதும்."

அவன் சாகிற வரைக்கும் சொன்னான். கேணிக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றி, காளையின் கதையைச் சொன்னான், முனிவரின் கதையைச் சொன்னான், பிறகு தன் பெயரையும் காராயியின் பெயரையும் சொல்லி மூன்றாவது கதையைச் சொன்னான். சிலர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் தண்ணீர் ஊற்றினான்.

பொய் சொன்னவன் அதைப் பொய் என்று சொன்னால் மட்டும் போதாது, அந்தப் பொய் யாரை வதைத்ததோ அவர் பெயரை நாலு பேர் முன்னால் சொல்லி ஒப்புக்கொண்டால்தான் அது தீரும்.