செவ்வாய்க்கிழமை லீவு

“எல்லாரும் வார லீவை விட்டுக்கொடுத்தா, ஒருத்தரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டேங்கிறார் முதலாளி. கையெழுத்துப் போடலாமா, டீச்சர்?”

மாசிலாமணி காகிதத்தை நீட்டினார். ஜவுளிக்கடையில் முப்பது வருடம் நின்றவர். இப்போது அந்தக் கடைச் சங்கத்தின் செயலாளர்.

சகாயமேரி அவரைவிடப் பத்து வயது இளையவள். அதே கடையில் வேலை பார்த்து, அங்கே சங்கம் வைக்கக் கற்றுக்கொடுத்தவள்; அதனால் எல்லாருக்கும் ‘டீச்சர்’. வார லீவு வாங்கிக்கொடுத்த மறு வருடம் அவளுக்கு வேலை போனது. வீட்டில் உட்கார்ந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறாள்.

காகிதத்தை அவள் வாங்கவில்லை.

“வியாபாரம் அவ்வளவு மோசமா, அண்ணே?”

“ஊர்ல பாதி மில் மூடிக் கிடக்கு. பட்டு எடுக்க யார் வர்றா? எல்லாரும் போட்டாச்சு, நான்தான் பாக்கி. போடலேன்னா பதினஞ்சு பேர் வெளியே.”

அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

“முதல் லீவு ஞாபகமிருக்கா?”

மாசிலாமணி சிரித்துவிட்டார்.

“மறக்குமா? செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குக் கால் தானா கடைக்கு வந்துடுச்சு. எதிர்த்த டீக்கடையில நின்னு கடையையே பார்த்துட்டிருந்தேன்.”

“நான்தானே வீட்டுக்குத் துரத்தினேன்.”

“வீட்டுக்குப் போனா, வேலை போயிடுச்சுன்னு பெண்டாட்டி அழறா. சின்னவ என்னைப் பகல்ல பார்த்ததே இல்ல. கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டா.”

அன்று மதியம் சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டார். வகிடு கோணல். அதை அவள் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

சகாயமேரி அடுத்த சேலையை எடுத்து மடியில் போட்டாள்.

“அன்னிக்கு உங்க இடத்துல யாரு நின்னா?”

“கௌசல்யா. அப்பதான் புதுசா சேர்ந்தா.”

“புதன்கிழமை?”

“சண்முகவடிவுக்கு லீவு. அவ இடத்துல கௌசல்யா.”

“வியாழன்?”

“பரமானந்தம் இடத்துல. இன்னிக்கும் அப்படித்தானே? ஆறு பேர் லீவுக்கு ஆறு நாளும் அவதான் நிக்கிறா. லீவு வந்த பிறகுதானே அந்த மாதிரி ஆளுங்களையே எடுத்தாங்க. மொத்தம் பதினஞ்சு…”



சகாயமேரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“யாருக்கும் லீவு இல்லேன்னா, கௌசல்யா எங்கே நிப்பா, அண்ணே?”

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

முதல் கையெழுத்து கௌசல்யாவுடையது.