முதல் சக்கரம்

“கல்லு நிக்க மாட்டேங்குதுங்கம்மா” என்றார் ராக்கியண்ணன்.

மடத்தம்மா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்தக் கல்லுங்கய்யா?”

“வீட்டுப் பாதைக் கல்லுங்க. தார் ஊத்தி, சின்ன ஜல்லி பரப்பி, உருளை இழுத்து, பக்குவமாப் போட்டது. காலால தேய்ச்சாப் பேர்ந்து வருது.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குனியாமல் என்ன செய்வார்? நெடுஞ்சாலை வேலையிலேயே தலை நரைத்த மனிதர். அவர் வெயிலில் நின்று போடவைத்த ரோட்டில்தான் இந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் ஓடுகிறது. அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டுக்குப் போட்ட பாதையில் கல் நிற்கவில்லை என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? அதனால் மடத்தில் வந்து சொன்னார்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை, ஒரு கிணறு, கொஞ்சம் முருங்கை மரங்கள். அம்மாவுக்கும் அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. ராக்கியண்ணனின் மகள் வயதுதான் இருக்கும். காவிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய ஸ்கூட்டரில் தானே சந்தைக்குப் போய்வருவார். பெரிய பேச்செல்லாம் பேச மாட்டார். அதனாலேயே ஆட்கள் வந்தார்கள்.

“வண்டி ஓடுதுங்களா அதுல?”

“இல்லீங்க.”

“ஏனுங்க?”

“ஓட விடலீங்க. சங்கிலி போட்டுப் பூட்டி வெச்சிருக்கேன்.”

மடத்தம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார். “நீங்க போட்ட மத்த ரோட்டுல எல்லாம் கல்லு எப்படிங்க நின்னுச்சு?”

ராக்கியண்ணனுக்குச் சுருக்கென்றது.

“வெயில்ல தார் இளகுமுங்க. மேல வண்டி ஓட ஓடத்தான் கல்லு உள்ள அமுங்கிப் படியும். அது எனக்குத் தெரியாதுங்களா? ஊருக்கே சொல்லிக் குடுத்தவனுங்க நானு.”

“தெரிஞ்சுமா பூட்டுனீங்க?”

“தெரிஞ்சுதான்.”

அவர் கீழே கிடந்த காம்பை எடுத்து ஓரமாகப் போட்டார். பிறகு சொன்னார். “முதல் சக்கரம் என் மகளோட காருதான்னு வெச்சிருக்கேனுங்க.”

மகள் பெயர் மேகலா. ஓசூரில் இருக்கிறாள். ராக்கியண்ணனின் சம்சாரம் கண்ணை மூடியது ஐப்பசி அடைமழையில். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு அப்போது மண் தடம்தான். அதுவும் களிமண். மேகலா வந்த கார் தடத்து முனையிலேயே அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு வரப்பில் விழுந்து எழுந்து அவள் வாசலுக்கு வந்தபோது, அங்கே பந்தலும் நனைந்த நாற்காலிகளும்தான் இருந்தன.

பொழுது சாய்கிறது, மழை வலுக்கிறது என்று பங்காளிகள் அவசரப்படுத்தினார்கள். எடுத்துவிட்டார்கள்.

“அம்மா மொகத்தைக்கூடப் பார்க்க விடலீங்களேப்பா” என்றாள் மேகலா. அவ்வளவுதான் சொன்னாள். காரியம் முடிந்து போனவள், அதன் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் போன் மட்டும் வரும். சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, சரிங்கப்பா.

“சேறுதானுங்கம்மா அவளை நிறுத்திப்போடுச்சு” என்றார் ராக்கியண்ணன். “அந்தச் சேறே கண்ணுல படக்கூடாதுன்னுதான் பாதை போட்டேன். அவ காரு வீட்டு வாசப்படி வரைக்கும் வழுக்கிக்கிட்டு வரணும். அன்னைக்குக் கடைசியா வந்து சேர்ந்த புள்ளைங்க. இந்தப் பாதையில அவதான் மொதல்ல வரணும்.”

மடத்தம்மாவின் விரல்கள் கீரைமேல் நின்றன.

“அவங்ககிட்டச் சொன்னீங்களா?”

“ரோடு போட்டாச்சு அம்மணின்னு சொன்னேன். சரிங்கப்பான்னா. ஆடி நோம்பிக்கு வருவாள்னு இருந்தேனுங்க. எல்லா வீட்டுக்கும் புள்ளைங்க வந்துதுங்க. எம்புள்ளை வரலை. அதுக்கப்புறம் போன் பேசறதும் கம்மியாப் போச்சு.”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தார்.

அந்தப் பாதைக்கு அவர் பார்த்த காவல் இருக்கிறதே, சொன்னால் சிரிப்பீர்கள். பால்காரர் கேனைச் சங்கிலியடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கேஸ் சிலிண்டர் அங்கிருந்து தோளில் வரும். தேங்காய் ஏற்ற வந்த டெம்போவைத் திருப்பி அனுப்பியதில் வியாபாரி கோபித்துக்கொண்டான். ராக்கியண்ணனே தன் வண்டியை ரோட்டோரப் பட்டறையில் நிறுத்திவிட்டு, பாதையில் கால் வைக்காமல், பக்கத்து வாய்க்கால் கசிந்த சேற்றிலேயே நடந்து வீட்டுக்குப் போவார். புதுப்பாதை போட்டவர் கால் முழுக்கச் சேறு! பார்த்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. தினமும் காலையில் தென்னை ஈர்க்குமாறால் பாதையைக் கூட்டி, புரண்ட கல்லையெல்லாம் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்.

“இதுல எவனோ ஒருத்தன் வேறங்கம்மா” என்றார். “நாட்டுக்கோழி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா, சங்கிலி முன்னாடி காரைத் திருப்பி, கல்லை வாரி எறைச்சுட்டுப் போயிருக்கான். வழி தெரியாத பய. நல்லா வயிறெரியத் திட்டினேன்.”

மடத்தம்மா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

“நாளைக்குக் காலையில வந்து பார்க்கறேனுங்க.”

“நீங்களேவா? என் வீட்டுக்கா?”

“காபி குடுப்பீங்களா?”

“என்ன கேள்விங்கம்மா இது!” ராக்கியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குப் போனதும்தான் சங்கடம் பிடித்துக்கொண்டது. அம்மா ஸ்கூட்டரில் வருவார். சங்கிலியைக் கழற்றினால் முதல் சக்கரம் அம்மாவுடையதாகிவிடும். கழற்றாவிட்டால் வீடு தேடி வருகிறவரைச் சேற்றில் இறக்கி நடத்தின பாவம். புரண்டு புரண்டு யோசித்து, கடைசியில் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். சங்கிலியடியில் போய் நின்று வரவேற்று, ஓரத்தில் பலகை போட்டுப் பதமாகக் கூட்டிவந்துவிடலாம். அம்மா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பலகையும் போட்டார். காபிக்குப் பாலும் வைத்தார்.

பால் பொங்குகிற நேரம் பார்த்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வருவதற்குள் சத்தம் நின்றது. வாசலுக்கு வருவதற்குள் மறுபடி கிளம்பியது.

அம்மா சங்கிலிக்கு முன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“அம்மா! அம்மா, நில்லுங்க!”

சேற்றோரமாகவே ஓடினார். வேட்டி தடுக்கியது. மூச்சு இரைக்க அவர் வந்து சேர்ந்தபோது ஸ்கூட்டர் மெயின் ரோட்டில் ஏறி நின்றிருந்தது.

“என்னங்கம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறீங்க?”

“பூட்டியிருந்துச்சுங்க.”

“ஐயையோ, அது உங்களுக்குப் போட்டது இல்லீங்கம்மா!”

“பூட்டைப் பார்த்தா அப்படித் தெரியலீங்களே” என்றார் மடத்தம்மா. ஸ்கூட்டர் போய்விட்டது.

ராக்கியண்ணன் அப்படியே நின்றார். வீட்டுப் பக்கமிருந்து பால் தீய்கிற வாடை வந்தது. கோபமும் வந்தது. காபி குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இப்படி மூஞ்சியில் அடித்தாற்போல் போனால் என்ன அர்த்தம்? ஹாரன் அடித்திருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பூட்டியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்றா ஆகிவிடும்?

முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். ஸ்கூட்டர் திரும்பிய இடத்தில் கல் சிதறிக் கிடந்தது. பழக்கதோஷம், கை தானாகப் பொறுக்கத் தொடங்கியது. போன தடவை கார் இறைத்துவிட்டுப் போன கல்லைப் பொறுக்கியதும் இதே இடத்தில்தான். அப்போது அவர் இடது கையில் கோழி இருந்தது. கால் கட்டிய கோழி படபடவென்று அடித்துக்கொண்டது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் அந்தக் காரோட்டியை அவன் தலைமுறை வரைக்கும் திட்டினார்.

கோழி எதற்கு வாங்கினார்?

மேகலாவுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு என்றால் உயிர். ஒருவேளை வந்துவிட்டால் என்று, ஆடி நோம்பியன்றைக்குக் காலையில் விழுந்தடித்துச் சந்தைக்கு ஓடினார். சாவி இடுப்பில் இருந்தது.

கையிலிருந்த கல் நழுவியது.

“அட என் அம்மணி” என்றார். யாரும் பக்கத்தில் இல்லை. அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்து எழுந்து சங்கிலியைக் கழற்றினார். துரு ஏறிய பூட்டு லேசில் விடவில்லை. கழற்றி வாய்க்காலில் எறிந்தார், சாவியோடு சேர்த்து. பிறகு போனை எடுத்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

“என்னங்கப்பா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல அம்மணி. ஆடி நோம்பிக்கு நீ வந்தியா?”

அந்தப் பக்கம் ஏதோ குழாய் ஓடுகிற சத்தம் கேட்டு நின்றது.

“பூட்டியிருந்துச்சுங்கப்பா” என்றாள் மேகலா.

“அம்மணி…”

“அப்பாவுக்கு நான் வர்றது இஷ்டமில்லையோன்னு நெனைச்சேன். அதான் கூப்பிடாமத் திரும்பிட்டேன்.”

என்னவென்று சொல்வது? உனக்காகத்தான் பூட்டினேன் என்றா சொல்வது?

மெயின் ரோட்டிலிருந்து பால்காரர் வண்டி வந்தது. வழக்கம்போலச் சங்கிலி இருக்கும் இடத்தில் நிறுத்தினார். சங்கிலி இல்லை. கேனை இறக்குவதா வேண்டாமா என்று திகைத்துப் பார்த்தார்.

“போலாமுங்களா?”

ராக்கியண்ணன் ஓரமாக ஒதுங்கி, போங்கள் என்று கையைக் காட்டினார். வண்டி புதுப்பாதையில் ஏறியது. வெயில் ஏறி இளகிய தாரில், சக்கரத்தின் அடியில் ஜல்லி நறநறவென்று அமுங்கியது. அந்தச் சத்தம் ஓசூர் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“அது என்னங்கப்பா சத்தம்?”

“கல்லு படியுது அம்மணி” என்றார் ராக்கியண்ணன்.