சிலுவையில் எழுதிய பெயர்

"சிஸ்டர், ஒருத்தனைக் கொல்லுததுக்கு முன்னாலயே பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடலாமா?"

கயித்தான் இதைக் கேட்டபோது சிஸ்டர் பெர்பேத்து சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அது சாமியார்கிட்டக் கேக்க வேண்டியது. யாரைக் கொல்லப் போறீங்க அண்ணே?"

"தொபியாஸை."

"எப்போ?"

"நாளைக்கு."

நாளைக்குக் கல்லறைத் திருநாள். ஊரைவிட்டு ஓடிப்போன தொபியாஸ் தன் தாயின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறான் என்று சேதி வந்திருந்தது.

சிஸ்டர் கயித்தானைவிட வயதில் இளையவர். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சின்னக் கோயிலில் தனியாகத் தவமிருப்பவர். மகனுக்குப் பின்னால் மனைவியும் இறந்த பிறகு கயித்தான் அவரிடம் ஜெபம் படிக்க வந்தார். ஜெபம் வந்ததா என்றால், வந்தது. பாதி ஜெபத்தில் தொபியாஸின் நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

வலை போடும் இடத்துக்காக நடுக்கடலில் ஒரு தகராறு. தொபியாஸ் தன் படகைக் கொண்டு ரெமிஜியுஸின் படகில் மோதினான். தண்ணீரில் கிடந்து கை தூக்கியவனைப் பார்த்துவிட்டே படகைத் திருப்பிக்கொண்டு போனான். மூழ்கிச் செத்த ரெமிஜியுஸ் கயித்தானின் ஒரே மகன். பார்த்தவர்கள் யாரும் சாட்சி சொல்ல வராததால் கோர்ட் தொபியாஸை விட்டுவிட்டது.

"ஆண்டவர்கிட்ட நியாயம் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு சிஸ்டர். அவரு காதுல விழல."

"வழக்கை அவர்கிட்டக் குடுத்தீங்களா?"

"குடுக்காமலா?"

"கையில வச்சிக்கிட்டே இருக்கீங்களே அண்ணே. கையில இருக்குத கேஸ் கட்டை அவரு எப்படி வாசிப்பாரு?"

கயித்தானுக்குக் கோபம் வந்தது. இடுப்பில் செருகியிருந்த கத்தியைத் தொட்டுக்கொண்டார்.

சிஸ்டர் எழுந்து கை கழுவினார். சுண்ணாம்பு வாளியையும் கறுப்புப் பெயிண்ட் டப்பாவையும் எடுத்துவந்து முன்னால் வைத்தார்.

"கொலை நாளைக்குத்தானே? இன்னைக்கு மகன் பேரை எழுதிட்டுப் போங்க."

அது அந்தக் கடற்கரையின் வழக்கம். திருநாளுக்கு முந்தைய நாள் கல்லறைச் சிலுவைக்கு வெள்ளையடித்து, அழிந்த பெயரைப் புதிதாக எழுத வேண்டும். சொந்த ரத்தம்தான் எழுத வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் செத்தவர் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பார்கள்.

கயித்தான் வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

உச்சி வெயில். பக்கத்திலேயே கடல், ஆனால் அலைச் சத்தம் இல்லை. பூவரச மரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஊர்க்காரர்கள் காலையிலேயே எழுதி முடித்துப் போயிருந்தார்கள்.

வெள்ளையடித்தார். காய்ந்ததும் தூரிகையைப் பெயிண்டில் தோய்த்து எழுத ஆரம்பித்தார். நாளைக்கு எங்கே ஒளிந்து நிற்பது, எந்தப் பக்கம் குத்துவது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. கை தன் போக்கில் எழுதியது.

எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

தொபியாஸ்.

சுண்ணாம்பை அள்ளி அப்பினார். "ரெமிஜியுஸ், ரெமிஜியுஸ்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மறுபடி எழுதினார். வாய் ஒன்று சொன்னது, கை வேறொன்று எழுதியது.

தொபியாஸ்.

பின்னால் யாரோ ஈரக் காலோடு நிற்பதுபோல இருந்தது. திரும்பினார். யாரும் இல்லை. மகன் முகத்தையாவது நினைப்போம் என்று கண்ணை மூடினார். வந்தது தொபியாஸின் முகம். அவனுடைய புருவம், அவனுடைய கோணல் பல், எல்லாம் துல்லியமாக வந்தது.

மகன் முகம் வரவில்லை.

கயித்தான் சின்னக் கோயிலுக்கு ஓடினார்.

"சிஸ்டர், எம் பிள்ளை முகம் எனக்கு வரமாட்டேங்குது!"

"யாரு முகம் வருது?"

"அவன் முகம். சிலுவையிலயும் அவன் பேருதான் இருக்கு. அப்போ எம் பிள்ளை எங்க சிஸ்டர்?"

சிஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணிலும் பயம் இருந்தது.

"எனக்குத் தெரியாது அண்ணே. பேரை அழிக்காதீங்க. நாளைக்குப் போய் நில்லுங்க."

"கத்தியோடயா?"

"அது உங்க இஷ்டம்."

மறுநாள் கூட்டம் சாயங்காலம்தான் வரும். தொபியாஸ் கூட்டத்துக்குப் பயந்து உச்சிப் பொழுதிலேயே வந்தான். பூவரச மரத்துக்குப் பின்னால் கயித்தான் நின்றார்.

தாயின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அவன் ரெமிஜியுஸின் சிலுவைக்கு நேராக வந்தான். அதில் தன் பெயரைப் படித்தான். அலறவில்லை. எதிர்பார்த்து வந்தவன்போல முழங்காலிட்டு, தலையைக் குனிந்து, பிடரியைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

கயித்தான் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றார். கத்தி கையில் இருந்தது. ஒரே வீச்சுதான்.

சிலுவையைப் பார்த்தார். இவனைக் கொன்றால் இந்தப் பெயர் இங்கேயே நின்றுவிடும், பிள்ளை முகம் திரும்பி வரவே வராது என்று தோன்றியது. அழுகை வந்தது.

"ஆண்டவரே, என்னால முடியல. இவனை நீரே பாத்துக்கிடும். நான் விட்டுட்டேன்."

கத்தி மணலில் விழுந்தது.

தொபியாஸ் திரும்பவில்லை. "ஏன் மாமா விட்டுட்டீங்க? வெட்டிருங்க. தூங்கி எத்தனையோ நாளாச்சு."

"ஏம்ல தூங்கல?"

"கண்ணை மூடுனா ரெமி வந்து நிக்கான் மாமா. ஒரு வார்த்தை பேசமாட்டேங்கான். ஈரம் சொட்டச் சொட்ட நின்னு என் மூஞ்சியையே பாக்கான்."

கயித்தான் அவன் முன்னால் போய் மண்டியிட்டு, அவன் தோள் இரண்டையும் பிடித்தார்.

"உங்கிட்டயாடா இருக்கான்? எப்படி இருக்கான்? சொல்லு."

"அதே மாதிரிதான் மாமா. நெத்தியில முடி ஒட்டிக்கிட்டு. தாடையில சின்னதா ஒரு தழும்பு."

"நண்டு கடிச்சது. சின்னப் புள்ளையில."

"சிரிச்சா அந்தத் தழும்பு மறைஞ்சிரும்."

"ஆமா," என்றார் கயித்தான். "ஆமா, மறைஞ்சிரும்."

கண்ணை மூடினார். மகன் முகம் வந்தது. கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

பிறகு எழுந்து, முந்தின நாள் அங்கேயே விட்டுப்போன வாளியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, சிலுவையில் இருந்த பெயரின் மேல் அடித்தார். தூரிகையை எடுத்தார்.

"டப்பாவைப் பிடி மக்கா," என்றார்.